என் சர்டிபிகேட்டுக்குப் பூஜை போட்ட கதை

1

போன வாரம் எங்கள் ஆஸ்பத்திரி அலுவலகத்தில் இருந்து எனக்கு ஒரு படிவம் வந்தது. மூன்று பிரதி. இங்கிலாந்தில் ஒரு காரியம் நடக்கிறது என்பதற்கு அடையாளமே மூன்று பிரதிதான். ஒன்றை நாம் தொலைத்தாலும் இன்னொன்று எங்கேயோ ஒரு அலமாரியில் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். வந்த புதிதில் எனக்கு இது எரிச்சலாக இருந்தது. ஆறு வருடம் ஆகிவிட்டது, இப்போது பழகிவிட்டது.

வார்டு சிஸ்டர், அதாவது வார்டின் தலைமை நர்ஸ், வேலைக்கு மனுப் போட்டிருந்தேன். அதற்காக ஊரில் வாங்கிய நர்ஸ் சான்றிதழின் அசலைக் கொண்டுபோய்க் காட்டினேன். அலுவலகத்தில் இருக்கும் மிஸஸ் ஹால் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மேலே பழுப்பு மஞ்சளாக மூன்று கோடு, அதன் நடுவில் சிவப்பாக ஒரு வட்டம். கீழே வலது மூலையில் ஊதா நிறத்தில் ஒரு தீற்றல்.

"இந்தச் சிவப்பு, ரத்தமா?" என்று கேட்டார்.

"இல்லை. மதச் சடங்கு" என்றேன். இந்த ஊரில் மதம் என்றோ வயிற்றுப்போக்கு என்றோ சொன்னால் அதற்கு மேல் ஒருவரும் கேள்வி கேட்பதில்லை. அவரும் கேட்கவில்லை. ஆனால் படிவம் அனுப்பிவிட்டார். 'ஆவணத்தில் உள்ள சேதம், அதன் காரணம்' என்று ஒரு கட்டம். அதை நிரப்பிக் கொடுத்தால் சுத்தமாக ஒரு நகல் எடுத்து முத்திரை போட்டுத் தருவார்களாம்.

சமையலறை மேசையில் அதை விரித்து வைத்துக்கொண்டு யோசித்தேன். ஷீலா வந்து எட்டிப் பார்த்தாள். என் மகள், எட்டு வயது. இரண்டு வயதில் இங்கே வந்தவள். நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்லுவாள். வீட்டில் இப்படியே வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

"தக்காளி சாஸ் கொட்டிட்டீங்களா?" என்றாள்.

"இல்லடி. சந்தனம், குங்குமம்."

"சந்தனம்னா?"

"மரம்."

"மரத்தை எதுக்குப் பேப்பர்ல தேய்ச்சாங்க?"

கேள்வி நியாயமானதுதான். ஆனால் பதில் கேட்க அவள் நிற்கவில்லை. டெலிவிஷனில் ஏதோ ஆரம்பித்துவிட்டது. அவளிடம் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

2

நான் பரீட்சை தேறியது நயா பைசா புதிதாக வந்து, சந்தைக்கடையில் ஜனங்கள் அணாவுக்கும் பைசாவுக்கும் நடுவே திணறிக்கொண்டிருந்த காலம். அப்பா சாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். ரிஜிஸ்தர் தபாலில் சர்டிபிகேட் வந்ததும் அதை ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோய், ஜெபம் முடிந்தபின் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். இங்கிலீஷில் இருந்ததை இங்கிலீஷிலேயே வாசித்தார். ஒருவருக்கும் புரியவில்லை, ஆனால் எல்லோரும் ஆமென் சொன்னார்கள்.

ஆமென் சொன்னால் வேலை வந்துவிடுமா? படித்த ஆஸ்பத்திரியில் இடம் காலி இல்லை. சர்க்கார் ஆஸ்பத்திரியில் பெயரை எழுதிக்கொண்டார்கள், கடிதம் வரும் என்றார்கள். விருதுநகரில் ஒரு தனி டாக்டர், என்னைக் கேட்ட முதல் கேள்வி, "சமையல் தெரியுமா?"

"தெரியும். ஆனா இங்கன வந்து சமைக்க மாட்டேன்" என்றேன். எனக்கு அப்போது வாய் கொஞ்சம் நீளம். இப்போதும் குறைந்தபாடில்லை, இங்கிலீஷில் பேசுவதால் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

மூன்று மாதம் இப்படிப் போனது. அப்பா மெல்ல மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார். வேலை கிடைக்காத பெண்ணுக்கு எங்கள் பக்கத்தில் அடுத்த வைத்தியம் அதுதான். அந்த நேரத்தில்தான் விஸ்வநத்தம் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நர்ஸ் தேவை என்று தகவல் வந்தது. மறுநாள் காலை பஸ்ஸில் போனேன்.

முதலாளி நல்ல மனுஷர் போலத்தான் இருந்தார். வெள்ளைச் சட்டை, கையில் எப்போதும் ஒரு விசிறி. நான் உட்கார்ந்ததில் இருந்து எழுந்தது வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. சர்டிபிகேட்டைத்தான் பார்த்தார்.

"ஒரிஜினலா?"

"ஆமா."

"சீல் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப நாளைக்கே வாங்கம்மா. இது இங்கனயே இருக்கட்டும், பிரேம் போட்டு மாட்டணும். பாக்டரி இன்ஸ்பெக்டர் வந்தா கேப்பாரு."

தீக்காயத்துக்கு என்ன போடுவாய் என்று ஒரு வார்த்தை கேட்பார் என்று ராத்திரி எல்லாம் பாடம் படித்துக்கொண்டு போயிருந்தேன். அது வீணாயிற்று. ஆனாலும் வேலை கிடைத்துவிட்டதே என்ற சந்தோஷத்தில், திரும்பி வரும்போது பஸ்ஸில் தானாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

3

எனக்கு ஒரு அறை கொடுத்தார்கள். ஒரு கட்டில், ஒரு மருந்து அலமாரி, மேசை மேல் நீளமான ஒரு நோட்டு. 'விபத்துப் பதிவேடு' என்று அட்டையில் அச்சடித்திருந்தது. உள்ளே ஒரு வரிகூட இல்லை.

சீசன் நேரம். தீபாவளிக்கு ஆர்டர் குவிந்து கிடந்தது. சுற்றிலும் ஐம்பது அறுபது பெண்கள் வெடிமருந்தோடு வேலை பார்க்கிறார்கள். காலை முதல் மாலை வரை கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு ஈ காக்கை வரவில்லை. பத்து நாள் நான் பஞ்சைக் கத்தரித்தேன், கத்தரித்த பஞ்சை அடுக்கினேன், அடுக்கியதைத் திரும்ப எண்ணினேன். படிப்பு எல்லாம் மறந்துபோய்விடுமோ என்று பயமே வந்துவிட்டது.

பதினோராம் நாள் ஒருத்தி வந்தாள். காயத்துக்கு இல்லை, என் பானையில் தண்ணீர் குடிக்க. முத்துலட்சுமி என்று பெயர். என் வயதுதான் இருக்கும், ஆனால் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். மத்தாப்பு அறையில் வேலை. செம்பைத் தூக்கியபோது அவள் மணிக்கட்டைப் பார்த்தேன். தீப்பட்ட இடத்தில் இட்லி மாவு அப்பிக் காய்ந்து கிடந்தது.

"என்னது இது? எங்கிட்ட வர்றதுக்கு என்ன?" என்றேன் கோபமாக.

அவள் வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "நீங்க அந்த நோட்டுல எழுதுவீகள்ல, நர்சம்மா?"

"எழுதணும். அதுதான் சட்டம்."

"நோட்டுல பேரு ஏறுச்சுன்னா மறுநாள் வேலைக்கு வர வேண்டாம்னுருவாக. கையி சுத்தமில்லாத ஆளுன்னு. அதான் ஒருத்தரும் இங்கிட்டு எட்டிப் பாக்கல."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த நோட்டு காலியாக இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். நோட்டை மூடி அலமாரி மேல் வைத்தேன். "கையை நீட்டு" என்றேன்.

மறுநாள் மூன்று பேர் தண்ணீர் குடிக்க வந்தார்கள். அடுத்த வாரம் என் பானை ஒரு நாளைக்கு இரண்டு முறை காலியாயிற்று. சின்னக் காயம், எழுதாத வைத்தியம். நர்ஸ் பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததற்கு நேர்மாறு. மனசு உறுத்தியது உண்மை. ஆனால் கட்டுப் போட்டு முடித்ததும் அந்தப் பெண்கள், "வாறேன் நர்சம்மா" என்று சொல்லிவிட்டுப் போகும்போது நான் நர்ஸ் ஆகிவிட்டேன் என்று தோன்றியதும் உண்மை.

4

ஆயுத பூஜை வந்தது. அதற்குள் சர்டிபிகேட்டை மாட்டிவிட வேண்டும் என்று முதலாளிக்கு அவசரம். தச்சரிடம் இருந்து மரச்சட்டம் வந்துவிட்டது, கண்ணாடி வரவில்லை. சரி, கண்ணாடி பிறகு வரட்டும் என்று சட்டத்தோடு அலுவலகச் சுவரில் மாட்டிவிட்டார்கள்.

பூஜையன்று கம்பெனி முழுக்கக் கழுவி விட்டிருந்தார்கள். கணக்குப்பிள்ளை ஒரு கிண்ணத்தில் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு வரிசையாக வந்தார். தராசுக்கு ஒரு பூச்சு, லாரிக்கு ஒரு பூச்சு, காகிதம் வெட்டும் மிஷினுக்கு, பேரேட்டுக்கு, கதவின் பூட்டுக்கு. அப்படியே வந்தவர் சுவர்ப் பக்கம் திரும்பி, நான் வாயைத் திறப்பதற்குள் என் சர்டிபிகேட்டின் மேல் மூன்று விரலால் இழுத்துவிட்டார். நடுவில் ஒரு குங்குமப் பொட்டு. சரியாக என் பெயருக்கு மேலே.

"ஐயையோ, என்ன பண்றீக!" என்று கத்திவிட்டேன்.

அவர் திடுக்கிட்டுப் போனார். பாவம், மரியாதை செய்வதாக நினைத்துத்தான் செய்தார். "கம்பெனிக்குச் சோறு போடுறது எல்லாத்துக்கும் வைக்கணும்மா. இன்ஸ்பெக்டர் வந்தா இதுதானே நம்மளக் காப்பாத்துது? இது ஆயுதம் இல்லாம வேற என்ன?" என்றார்.

முதலாளி விசிறியால் மடியில் தட்டிக்கொண்டு சிரித்தார். "நல்ல சகுனம்னு நெனச்சுக்கோங்க."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சந்தனத்தைத் துடைத்தால் மசி கலைந்துவிடும் என்று துடைக்கவும் இல்லை. அதே கோபத்தோடு, பொரி கடலைத் தட்டு என்னிடம் வந்தபோது இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். "எங்க வீட்டுல சாமிக்குப் படைச்சது சாப்பிட மாட்டோம்." அது எங்கள் வழக்கம்தான். ஆனால் அன்றைக்கு அதைச் சொன்ன தோரணை வழக்கம் அல்ல.

தட்டு என்னைத் தாண்டிப் போயிற்று. முத்துலட்சுமி அடுத்து நின்றாள். இரண்டு கையாலும் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

5

பூஜை முடிந்த நாலாம் நாள், மத்தாப்பு அறையில் தட்டில் இருந்த மருந்து பற்றிக்கொண்டது. பெரிய வெடி ஒன்றும் இல்லை. புஸ் என்று ஒரு சத்தம், வெள்ளை வெளிச்சம், அவ்வளவுதான். இரண்டு பேர் முத்துலட்சுமியைத் தாங்கிக்கொண்டு என் அறைக்கு வந்தார்கள். வலது கை. விரல் நுனி தொட்டு முழங்கைக்குக் கீழ் வரை.

பார்த்ததுமே தெரிந்துவிட்டது, என் அலமாரியில் இருப்பதை வைத்து ஆகிற காரியம் இல்லை. விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். காகிதம் இறக்கிவிட்டு விருதுநகருக்குத் திரும்பும் லாரி வாசலில் நின்றது. ஆனால் கம்பெனி வழக்கப்படி, நோட்டு நம்பர் போட்ட சீட்டு இல்லாமல் வாட்ச்மேன் ஆளை ஏற்ற விட மாட்டான். நோட்டு நம்பர் வேண்டும் என்றால் நோட்டில் எழுத வேண்டும்.

நான் அலமாரி மேலிருந்து நோட்டை எடுத்தேன். அந்த வலியிலும் அவளுக்கு அது கண்ணில் பட்டுவிட்டது.

"எழுதாதீக, நர்சம்மா. ஒங்களக் கும்பிடுதேன்."

"எழுதாம இத ஒண்ணும் செய்ய முடியாது."

"எழுதினா வேலை போயிரும். ரெண்டு பிள்ளைக."

"எழுதாட்டி கை போயிரும்!"

அவள் அழுதாள். அவள் சம்மதித்தாள் என்று நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவள் சம்மதிக்கவில்லை. நான்தான் முடிவு செய்தேன். 'முத்துலட்சுமி, விஸ்வநத்தம். வலது கை. தீக்காயம்.' அந்த நோட்டில் முதல் வரி. லாரி போயிற்று.

சாயங்காலம் முதலாளி கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. "வாத்தியார் வீட்டுப் பிள்ளைன்னு நம்பி வச்சேன். சீசன் நேரத்துல இப்படிப் பண்ணீட்டீகளே?" என்றார். அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு, வேறு பக்கத்தில் ஒன்றும் எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுத் தரச் சொன்னார். மாட்டேன் என்றேன். அவர் கணக்குப்பிள்ளையைப் பார்த்தார். கணக்குப்பிள்ளை ஒரு ஸ்கேலை வைத்து, பிசிறு இல்லாமல், அந்தத் தாளைக் கிழித்து எடுத்தார்.

"நான் நாளையில இருந்து வரல" என்றேன். "என் சர்டிபிகேட்டக் குடுத்துருங்க."

"நீங்க போறதுன்னா போங்கம்மா. அது இருக்கட்டும்" என்றார் முதலாளி. கேலி இல்லை, உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். "பூசை போட்ட பொருளு. வாசப்படி தாண்டி வெளிய போச்சுன்னா சீசனே போச்சு."

6

அதன் பிறகு இரண்டு முறை போய்க் கேட்டேன். இரண்டு முறையும் அதே பதில், ஒரு டம்ளர் மோரோடு. அப்பாவைக் கூப்பிட்டேன். பொட்டு வைத்த சர்டிபிகேட்டைப் பார்க்கத் தெம்பில்லை என்று அவர் வரவில்லை. அதற்குள் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் இருந்து கடிதம் வந்துவிட்டது. திங்கட்கிழமை காலை, அசல் சான்றிதழுடன் நேரில் வரவும். இன்னொரு சர்டிபிகேட்டுக்கு எழுதிப்போட்டால் வந்து சேர மாதக்கணக்கு ஆகும். திங்கட்கிழமை போகாவிட்டால் அந்த இடம் போயிற்று.

சனிக்கிழமை மூன்றாவது முறை போனேன். அலுவலகத்துக்கு வெளியே பெஞ்சில் முத்துலட்சுமி உட்கார்ந்திருந்தாள். கையில் பெரிய கட்டு. காலையில்தான் ஆஸ்பத்திரியில் மாற்றிக் கட்டியிருக்கிறார்கள், விரல் நுனியில் ஊதா மருந்து கசிந்து ஈரமாக இருந்தது. என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று நினைத்தேன். நகர்ந்து இடம் விட்டாள்.

"நீங்க எதுக்கு வந்திருக்கீக?" என்றாள்.

சொன்னேன். "நீ?"

"வேலை கேக்கத்தான். எடது கையால லேபிள் ஒட்டலாம்ல? கேட்டுப் பாப்போம்னு வந்தேன்."

உள்ளே கூப்பிட்டார்கள். முதலாளி நல்ல மனநிலையில் இருந்தார். கடைசி லோடு போய்விட்டது. வெளியூர் வியாபாரிகள் இரண்டு பேர் நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் கேட்டேன். அவர் வியாபாரிகளிடம் என் கதையைச் சொல்லிச் சிரித்துவிட்டு, முடியாது என்று தலையை ஆட்டினார்.

பிறகு முத்துலட்சுமி பக்கம் திரும்பினார். "ஒனக்கு என்ன?"

அவள் கட்டுப் போட்ட கையை மறைத்துக்கொண்டு நின்றாள். சுவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"மொதலாளி, பூசையன்னைக்கு எல்லாருக்கும் பிரசாதம் குடுத்தீக. எனக்குப் பொரி, கடலை, தேங்காச் சில்லு அம்புட்டும் வந்துச்சு. நர்சம்மா பங்கு மட்டும் நிக்குதுல்ல?"

"அவுகதான் வேணாம்னாகளே?"

"பொரிதான வேணாம்னாக? பூசையில வச்சது அதுவும்தான்." தாடையால் சுவரைக் காட்டினாள். "பூசைப் பொருளு வெளிய போகக் கூடாது, சரி. பிரசாதம் வெளிய போகத்தான மொதலாளி குடுக்குறது?"

வியாபாரிகளில் ஒருவர் காப்பியைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "அண்ணாச்சி, கேள்வி ஞாயந்தான். பிரசாதத்த இல்லைன்னு சொல்லிராதீக."

விருந்தாளி முன்னால் முதலாளி மாட்டிக்கொண்டார். விசிறி ஒரு நிமிஷம் நின்றது. "நர்சம்மா பிரசாதம் வாங்க மாட்டாகளே?" என்றார் என்னைப் பார்த்து. அவருக்கும் விட்டுக்கொடுக்க மனமில்லை.

அப்பா முகம், ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி, எல்லாம் ஒரு சுற்றுக் கண்முன் வந்து போயிற்று. "வாங்கிக்கிடுதேன்" என்றேன்.

"சட்டம் கம்பெனியோடது" என்றார் முதலாளி. கணக்குப்பிள்ளை ஆணிகளை நெம்பித் தாளை மட்டும் உருவி எடுத்தார். கேட்டவள் கையில் கொடுத்தார். முத்துலட்சுமி இடது கையால் அதை வாங்கினாள். வாங்கியவள் என்னிடம் தரும்போது நிறுத்தினாள். பிரசாதத்தை இடது கையால் தரக் கூடாது அல்லவா? கட்டுப் போட்ட வலது கைக்கு மாற்றி, வெந்த விரல்களால் தாளின் மூலையைப் பிடித்து, என்னிடம் நீட்டினாள். உதட்டைக் கடித்துக்கொண்டு நீட்டினாள். நான் இரண்டு கையாலும் வாங்கினேன்.

"ஆச்சுல்ல? ஒன் சோலி என்ன, சொல்லு" என்றார் முதலாளி அவளிடம்.

"அம்புட்டுத்தான் மொதலாளி" என்றாள்.

வெளியே வந்ததும் அவளைப் பிடித்து நிறுத்தினேன். "வேலை கேக்க வந்தேன்னியே. ஏன் கேக்கல?"

"ஒரு நாளைக்கு ஒண்ணுதான் குடுப்பாரு. ஏழு வருசமாப் பாக்குறேன்ல." அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். "நீங்க போங்க. எழுதுற எடமாப் பாத்து வேலைக்குச் சேருங்க."

7

மதுரையில் சேர்ந்தேன். அங்கேயே கல்யாணம், பிறகு கப்பல். அப்பாவுக்கு எழுதி விசாரிக்கச் சொன்னேன். முத்துலட்சுமிக்குச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் ஒட்டிக்கொண்டு மடங்கிவிட்டதாகவும், கை மட்டும் தப்பியதாகவும், குடும்பத்தோடு அச்சங்குளம் பக்கம் போய்விட்டதாகவும் எழுதினார். அதற்குப் பிறகு தகவல் இல்லை. நான் செய்தது சரியா என்று கேட்டால், நர்ஸாகச் சரி. ஆனால் போனது அவள் வேலை, அவள் சம்மதம் இல்லாமல் அதை நான் எப்படி விட்டுக்கொடுக்கலாம்?

நேற்றுப் படிவத்தை நிரப்பினேன். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் எழுதுவது சுலபமாக இருந்தது. 'சந்தனம், குங்குமம். வேலைக்கு உதவும் பொருள்களுக்கு வருடம் ஒருமுறை செய்யும் மரியாதை.' ஊதாவுக்கு வந்தபோது பேனாவை வைத்துவிட்டுத் தேநீர் போட்டுக் குடித்தேன். பிறகு அன்றைக்கு நோட்டில் எழுதிய அதே வரியை அப்படியே இங்கிலீஷில் எழுதினேன். முத்துலட்சுமி, விஸ்வநத்தம். வலது கை. தீக்காயம்.

இன்று காலை மிஸஸ் ஹால் அதை இரண்டு முறை வாசித்தார்.

"யார் இவர்?"

"என் முதல் நோயாளி."

"இது இந்தப் படிவத்துக்கு அவசியமா?"

"அவசியம்" என்றேன்.

அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு முத்திரையை எடுத்தார். மூன்று பிரதியிலும் குத்தினார். ஒன்று எனக்கு, ஒன்று பதிவு அலுவலகத்துக்கு. இன்னொன்றை என் கண் முன்னாலேயே இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார்.